விலையை எழுதும் கை: ஹார்ட்கோர் பங்க் இசையும் வணிக வெற்றியும்



கவிதைக்காகக் கூடும் இவ்வரங்கில் மின்கித்தார் இரைச்சலைப் பற்றிய உரை எதற்கு என்று அழைப்பிதழைப் பார்த்த சிலர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அந்த இசையை நீங்கள் ரசிக்க வேண்டும் என்று நான் கோரப்போவதில்லை. தொடங்கிய ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிடும் அந்தப் பாடல்களில் பாதிக்கு மேல் என் செவிக்கே உவப்பானவை அல்ல. ஆனால் அவற்றைப் பாடிய இளைஞர்கள் தம் பாடல்களைத் தாமே பதிவு செய்து, தாமே உறையிட்டு, தாமே விலை குறித்து, தாமே அஞ்சலில் அனுப்பிய முறையில், பத்தாண்டுகளாக நூல்களையும் இதழ்களையும் அச்சிட்டுவரும் நம்மைப் போன்றவர்கள் எண்ணிப்பார்க்க நிறைய இருக்கிறது. நம் அடுத்த தொகுப்பைப் பெரிய பதிப்பகம் ஒன்றிடம் ஒப்படைக்கலாமா என்ற விவாதம் நமக்குள் நடந்துகொண்டிருக்கும் வேளை இது. ஆகவே பொருத்தம் கருதியே இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

பங்க் என்னும் கலக இசை 1976இல் லண்டனில் வெடித்தபோது, அதன் எதிர்ப்புக் குரலை முதலில் விலைக்கு வாங்கியவை பெரிய இசைத்தட்டு நிறுவனங்களே. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு 1976 அக்டோபரில் இ.எம்.ஐ. நிறுவனத்துடனும், 1977 மார்ச்சில் ஏ அண்ட் எம் நிறுவனத்துடனும், அதே ஆண்டு மே மாதத்தில் வர்ஜின் நிறுவனத்துடனும் ஒப்பந்தம் செய்துகொண்டது. அரசியல் தீவிரத்திற்குப் பேர்போன கிளாஷ் குழு 1977 ஜனவரியில் சி.பி.எஸ். நிறுவனத்திடம் கையெழுத்திட்டது. அதே ஜனவரியில் மான்செஸ்டர் நகரத்து பஸ்காக்ஸ் என்ற குழு, 500 பவுண்டு கடன் வாங்கி, நான்கு பாடல்கள் கொண்ட ஒரு சிறு இசைத்தட்டை எந்த நிறுவனத்தையும் நாடாமல் தானே வெளியிட்டது. ஆக, பங்க் இசையின் இரண்டு பாதைகளும் ஒரே மாதத்தில் கண்ணுக்குத் தெரிந்தன.

ஹார்ட்கோர் என்பது 1980ஐ ஒட்டி அமெரிக்காவில் அந்த இரண்டாம் பாதையைப் பிடித்துக்கொண்ட பங்க். வேகம் இன்னும் கூடியது. பாடல் இன்னும் சுருங்கியது. பாடியவர்களின் வயதும் குறைந்தது. பெரும்பாலோர் பள்ளியை அப்போதுதான் முடித்தவர்கள். வாஷிங்டன் நகரில் பேட் பிரெயின்ஸ் என்ற கறுப்பினக் குழு இந்த வேகத்திற்கு இலக்கணம் வகுத்தது என்றே சொல்லலாம். அவர்கள் வாசிப்பதைப் பார்த்துத்தான் அந்நகரத்து வெள்ளையினச் சிறுவர்கள் பலர் கித்தாரைக் கையில் எடுத்தார்கள்.

ஒன்றைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். 'தானே செய்தல்' என்ற இந்தப் போக்கைப் பேசுகிறவர்கள் அதை ஒரு துறவறம் போலச் சித்திரிக்கிறார்கள். பெருநிறுவனங்களை உதறிவிட்டு வந்த தியாகிகள் என்பது அந்தச் சித்திரம். நடந்தது வேறு. உதறுவதற்கு முதலில் யாராவது வந்து கேட்க வேண்டும். 1980இல் எவரும் கேட்கவில்லை. பதினெட்டு வயதுச் சிறுவர்களின் கூச்சலை இசைத்தட்டாக்க எந்த நிறுவனமும் முன்வராத நிலையில், செய்தால் தாமே செய்ய வேண்டும், இல்லையேல் விட்டுவிட வேண்டும் என்ற நெருக்கடியில் பிறந்தது அது. கொள்கை பின்னால் வந்தது. அது கொள்கைதானா என்ற சோதனை அதற்கும் பின்னால் வந்தது.

வாஷிங்டனில் டீன் ஐடில்ஸ் என்றொரு குழு இருந்தது. ஓராண்டு காலம் நிகழ்ச்சிகள் நடத்திக் கிடைத்த பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளாமல் சேர்த்து வைத்திருந்தார்கள். 1980 நவம்பரில் குழு கலைந்தபோது சில நூறு டாலர் கையில் இருந்தது. ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு போயிருக்கலாம். அதற்குப் பதிலாக, கலைந்துபோன அந்தக் குழுவுக்கு ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். இயன் மக்காய், ஜெஃப் நெல்சன், நேதன் ஸ்ட்ரெய்செக் என்ற மூவர் இதற்காகத் தொடங்கியதே டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ். முதல் பதிப்பு ஆயிரம் தட்டுகள். உறை எப்படிச் செய்வதென்று தெரியாமல், இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் இசைத்தட்டின் உறையைப் பிரித்து விரித்து, அதன் அளவை எடுத்து, அச்சிட்ட தாளைக் கத்தரிக்கோலால் வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள். நண்பர்கள் கூடி உட்கார்ந்து இப்படி ஆயிரக்கணக்கான உறைகளை அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒட்டியிருக்கிறார்கள். படிகளை அடுக்கி, மடித்து, தைத்துச் சிற்றிதழ் நடத்திய எவருக்கும் அந்தப் பசையின் பிசுபிசுப்பு தெரியும்.

விற்றுப் போகும் என்று கருதி அந்தத் தட்டை அவர்கள் வெளியிடவில்லை. விளம்பரப்படுத்துவதற்குக் குழுவே இல்லை. நாங்கள் இருந்தோம், இன்னவாறு பாடினோம் என்ற ஆவணம் அது. ஆனால் விற்றது. வந்த பணத்தில் அடுத்த நண்பர் குழுவின் தட்டு. அதன் பணத்தில் அதற்கடுத்தது. வாஷிங்டன் வட்டாரத்துக் குழுக்களின் தட்டுகளை மட்டுமே வெளியிடுவது என்று வைத்துக்கொண்டார்கள். எழுத்து வடிவ ஒப்பந்தம் கிடையாது, கைகுலுக்கல்தான். செலவு போக மிஞ்சியதைக் குழுவும் டிஸ்கார்டும் பகிர்ந்துகொள்ளும். 1981இல் பொட்டோமக் ஆற்றுக்கு அக்கரையில் ஆர்லிங்டனில் ஒரு சாதாரண வீட்டை வாடகைக்குப் பிடித்து, அங்கேயே தங்கி, அங்கேயே ஒத்திகை பார்த்து, அங்கிருந்தே தட்டுகளைக் கட்டி அனுப்பினார்கள்.

இங்கே ஒரு மாற்றுக் கருத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். மக்காயின் தந்தை பத்திரிகையாளர். நிறுவனத்தின் கடிதங்கள் வந்து சேர்ந்தது பெற்றோரின் வீட்டு முகவரிக்கு. கையில் பணம் இல்லாவிட்டாலும் விழுந்தால் தாங்கிக்கொள்ள ஒரு வீடு இருந்தவர்கள் அவர்கள். 'தானே செய்தல்' எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. நம் சிற்றிதழ் வரலாற்றை எழுதுவோரும் இந்தக் கணக்கை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள்.

அந்தச் சிறுவர்கள் வேறொரு விதியையும் உண்டாக்கினார்கள். மதுக்கூடங்களில்தான் இசை நிகழ்ச்சிகள் நடக்கும். மது அருந்தும் வயதை எட்டாதவர்களுக்கு உள்ளே இடமில்லை. டீன் ஐடில்ஸ் 1980இல் கலிபோர்னியா சென்றபோது, சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அரங்கினர் அவர்களை அனுமதித்து, மது கொடுக்கக் கூடாது என்பதற்கு அடையாளமாக அவர்கள் கைகளில் பெருக்கல் குறி ஒன்றைக் கறுப்பு மையால் இட்டார்கள். திரும்பி வந்து, இப்படியே எங்களையும் அனுமதியுங்கள் என்று தம் ஊர் அரங்கினரிடம் கேட்டார்கள். விலக்கின் அடையாளமாக இடப்பட்ட குறியைப் பிறகு பெருமையாகத் தாமே வரைந்துகொண்டார்கள். மக்காய் அடுத்துத் தொடங்கிய மைனர் த்ரெட் குழுவின் 1981ஆம் ஆண்டுப் பாடல் ஒன்று மதுவையும் போதையையும் மறுக்கும் ஓர் இயக்கத்திற்கே பெயர் தந்தது. அப்படி ஓர் இயக்கத்தைத் தொடங்கும் நோக்கம் தமக்கில்லை என்று அவர் பின்னர் பலமுறை சொல்லியும் பயனில்லை. எழுதியவன் கையைவிட்டுப் போன வரிகளின் கதி அதுதானே.

டிஸ்கார்டை மட்டும் சொன்னால் இக்கதை புராணமாகிவிடும். கலிபோர்னியாவில் எஸ்.எஸ்.டி. என்ற நிறுவனத்தை நடத்திய கிரெக் கின், சிறுவயதிலேயே வானொலிக் கருவிகளை அஞ்சல்வழி விற்றுப் பழகியவர். அந்தத் தொழிலின் பெயரையே இசைத்தட்டு நிறுவனத்திற்கும் வைத்தார். பிளாக் ஃபிளாக் என்ற அவருடைய குழு 1981இல் தன் முதல் முழுநீளத் தட்டை வெளியிட யூனிகார்ன் என்ற நிறுவனத்துடன் சேர்ந்தது. விநியோகிக்க வேண்டிய எம்.சி.ஏ. என்ற பெருநிறுவனம், பெற்றோருக்கு எதிரான தட்டு இது என்று கூறி மறுத்துவிட்டது. தொடர்ந்து எழுந்த வழக்கில் சொந்தக் குழுவின் பெயரையே பயன்படுத்தக் கூடாது என்ற நிலை வந்தது. 1982இல் குழுவின் பெயரின்றி, உறுப்பினர்களின் பெயர்களை மட்டும் அச்சிட்டுப் பழைய பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். அதற்காக 1983இல் கின்னும் அவருடைய கூட்டாளியும் ஐந்து நாள் சிறையில் இருந்தார்கள். வீரம் செறிந்த கதைதான். ஆனால் அதே எஸ்.எஸ்.டி.யிடமிருந்து தம் பதிவுகளின் உரிமையை மீட்கப் பின்னாளில் சோனிக் யூத், மீட் பப்பெட்ஸ் போன்ற குழுக்கள் சட்டத்தின் துணையை நாட வேண்டியிருந்தது. சிறியது என்பதாலேயே ஒரு நிறுவனம் நேர்மையானதாகிவிடாது. சிறிய நிறுவனத்தின் கணக்குப் புத்தகமும் மூடியே இருந்தால், அதற்கும் பெருநிறுவனத்திற்கும் அளவில்தான் வேறுபாடு.

இனி, நான் பேச வந்ததன் மையத்திற்கு வருகிறேன். மைனர் த்ரெட் 1983இல் கலைந்தது. மக்காய், கை பிச்சியாட்டோ, ஜோ லாலி, பிரெண்டன் கேன்டி ஆகிய நால்வர் குழுவான ஃபுகாசி தன் முதல் நிகழ்ச்சியை 1987 செப்டம்பரில் நடத்தியது. இந்தக் குழுவின் நுழைவுக் கட்டணம் ஐந்து டாலர். எந்த வயதினரும் வரலாம். சட்டைகள், படங்கள் என்று எதுவும் விற்பதில்லை. தட்டின் உறையிலேயே அஞ்சல் செலவு உட்பட இன்ன விலை என்று அச்சிட்டார்கள். கடைக்காரர் ஏற்றி விற்றால் வாங்குபவருக்குத் தெரிந்துவிடும். மது, புகையிலை விளம்பரங்கள் வெளியிடும் பெரிய இதழ்களுக்குப் பேட்டி கொடுப்பதில்லை.

ஐந்து டாலரில் எப்படிக் கட்டுபடியானது? மேலாளர் இல்லை, ஒப்பந்தம் பேச வழக்கறிஞர் இல்லை, நிகழ்ச்சிக்கு நாள் குறிக்கும் வேலையைத் தொலைபேசியை வைத்துக்கொண்டு மக்காயே பார்த்தார், நால்வரும் வாடகையைத் தாமே ஈட்டிக்கொண்டார்கள், வண்டியில் தாமே ஓட்டிச் சென்றார்கள், வசதியான அரங்கைவிட, கட்டணத்தையும் வயது விதியையும் ஏற்கும் அரங்கைத் தேடினார்கள். கட்டணத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குள் அடங்கும்படி மற்றவற்றை அமைத்துக்கொண்டார்கள். வணிகம் இதைத் தலைகீழாகச் செய்கிறது: செலவை வளரவிட்டு, பிறகு அதைக் கட்டணத்தில் ஏற்றுகிறது. அரங்கின் முன்வரிசையில் நின்று பிறரை இடித்து, உதைத்து ஆடுகிறவர்களைக் கண்டால் பாட்டை நிறுத்துவார்கள். சொல்லியும் கேளாதவரை வெளியே அழைத்துச் சென்று, உறையில் போட்டு வைத்திருந்த ஐந்து டாலரைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இந்த உறை எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கேட்பவரைப் பெருந்திரள் என்று எண்ணுகிறவருக்கு இப்படிச் செய்யத் தோன்றாது. 1991 ஜனவரியில் வளைகுடாப் போரை எதிர்த்து வெள்ளை மாளிகைக்கு எதிரே லாஃபயெட் பூங்காவில் கடுங்குளிரில் பாடினார்கள். தம் சொந்த நகரில் அவர்கள் பாடியவற்றில் மிகப் பெரும்பாலானவை இப்படிப் பொதுக்காரியங்களுக்கான நிகழ்ச்சிகளே.

சோதனைக் காலம் 1991இல் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த நிர்வாணா குழுவின் தட்டு 1992 ஜனவரியில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்ததும், நேற்றுவரை திரும்பியும் பாராத பெருநிறுவனங்கள் காசோலைகளோடு இந்தச் சிறு குழுக்களைத் தேடி வந்தன. 1993இல் ஃபுகாசியின் நியூயார்க் நிகழ்ச்சிக்கு அட்லாண்டிக் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான அகமத் எர்டெகன் நேரில் வந்தார். பணத்தோடு, தனி முத்திரையும் தருவதாகச் சொன்னார். மறுத்துவிட்டார்கள். முன்பு கேட்க ஆளில்லாததால் தாமே செய்தவர்கள், கேட்டபோதும் அதையே செய்தார்கள். அவசியம் கொள்கையாகத் தேறிய இடம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

மறுத்ததில் இழப்பு எவ்வளவு என்பதற்கு விடையாக அமைந்த ஒரு கட்டுரையும் 1993இல்தான் வந்தது. ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி, 'தி பாஃப்ளர்' என்ற சிற்றிதழில், கற்பனையான நால்வர் குழு ஒன்றுக்கு முழுக் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் குழுவுக்குப் பெருநிறுவனம் தரும் முன்பணம் 2,50,000 டாலர். தட்டும் 2,50,000 படிகள் விற்கிறது. நல்ல வெற்றி. கடைசியில் நிறுவனத்திற்கு 7,10,000 டாலர், தயாரிப்பாளருக்கு 90,000, மேலாளருக்கு 51,000, வழக்கறிஞருக்கு 12,000, பாடிய நால்வரில் ஒவ்வொருவருக்கும் 4,031 டாலர் 25 சென்ட். கடையில் நின்று பொருள் எடுத்துக் கொடுத்திருந்தால் இதைப்போல மூன்று மடங்கு கிடைத்திருக்கும். அத்துடன் உரிமத்தொகைக் கணக்கில் நிறுவனத்திற்கு 14,000 டாலர் கடனும் நிற்கிறது. அல்பினி தாம் பதிவு செய்த தட்டுகளுக்கு உரிமத்தொகை வாங்கியதில்லை. குழாய் வேலை பார்ப்பவரைப் போல வேலைக்குக் கூலி போதும் என்பார். 2024இல் மறையும் வரை அப்படியே இருந்தார்.

எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். பெர்க்லியில் கில்மன் தெரு 924ஆம் எண் அரங்கில் வளர்ந்த கிரீன் டே குழு, பெருநிறுவனத்துடன் சேர்ந்து 1994இல் வெளியிட்ட தட்டு அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. பெருநிறுவனக் குழுக்களுக்கு இடமில்லை என்ற விதிப்படி கில்மன் அரங்கு அவர்களுக்குக் கதவை மூடியது. விதி விதிதான். ஆனால் அந்தக் காலத்துச் சிற்றிதழ்களில் அவர்கள்மீது பொழியப்பட்ட வசை, கொள்கைப் பற்றைவிடப் பங்காளிக் காய்ச்சலையே எனக்கு நினைவூட்டுகிறது. அவர்களின் தொடக்ககாலத் தட்டுகளை வைத்திருந்த லுக்அவுட் என்ற சிறு நிறுவனம் சேர வேண்டிய தொகையைச் செலுத்தாததால், 2005இல் அவற்றை அவர்கள் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. 2015இல் அதே கில்மன் அரங்கில் ஒரு நிதியுதவி நிகழ்ச்சியில் மீண்டும் பாடினார்கள்.

டிஸ்கார்டிலிருந்தும் ஜாபாக்ஸ் என்ற குழு அட்லாண்டிக்குக்குப் போனது; 1994இல் ஒரு நல்ல தட்டு வந்தது; எதிர்பார்த்த விற்பனை இல்லை; 1997இல் குழு கலைந்தது. 2009இல் அதே தட்டு, உறுப்பினர்கள் நடத்திய சிறு நிறுவனமும் டிஸ்கார்டும் சேர்ந்து மறுவெளியீடு செய்ததன் மூலம் வீடு திரும்பியது. போனவர்களைத் துரோகிகள் என்று டிஸ்கார்டு பழிக்கவில்லை. சுத்தத்தைக் காட்டிலும் இந்தப் பெருந்தன்மை அரிது.

இப்போது நம் பக்கம். 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, புத்தகக் கட்டுகளைத் தாமே சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்றதை இங்கிருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த மரபின் பெயரால் இன்று நடப்பது என்ன? கவிஞர் கைப்பணத்தைப் பதிப்பாளரிடம் கொடுக்கிறார், பதிப்பாளர் அச்சிடுகிறார், எத்தனை படி அச்சானது, எத்தனை விற்றது, நூலகத்திற்கு எத்தனை போனது என்று கவிஞருக்குத் தெரியாது, ஐம்பது படிகள் வீட்டுக்கு வருகின்றன. இதையும் சொந்த முயற்சி என்கிறோம். பணம் மட்டுமே சொந்தம். டீன் ஐடில்ஸ் சிறுவர்களும் கைப்பணத்தைத்தான் போட்டார்கள். ஆனால் படிகளின் எண்ணிக்கையும் விலையும் கணக்கும் அவர்கள் கையில் இருந்தன. கைக்காசு போடுவதை 'தானே செய்தல்' என்று நாம் மயங்கிக்கொண்டிருக்கிறோம்.

டிஸ்கார்டும் எல்லாவற்றையும் தனியே செய்ததில்லை. தட்டுகளை அச்சிடவும் ஐரோப்பாவில் விநியோகிக்கவும் லண்டனில் சதர்ன் என்ற நிறுவனத்தை நடத்திய ஜான் லோடரின் துணை நெடுங்காலம் இருந்தது. 2005இல் நைக்கி நிறுவனம் மைனர் த்ரெட் தட்டின் உறைப்படத்தை அப்படியே பார்த்துச் செய்து தன் ஸ்கேட்போர்டு சுற்றுப்பயணத்திற்கு விளம்பரம் செய்தபோது, டிஸ்கார்டு எதிர்த்தது. நைக்கி மன்னிப்புக் கேட்டு விளம்பரத்தை விலக்கியது. 2013இல் அதே குழுவின் பெயர் பொறித்த சட்டைகள் ஒரு பெரிய ஆடைக்கடையில் 28 டாலருக்கு விற்றபோது, ஏமாற்று என்று எல்லோரும் கொதித்தார்கள். அது உரிமம் பெற்ற விற்பனைதான் என்று தெரிந்தது. திருட்டுச் சட்டைகளைத் துரத்தித் துரத்திச் சலித்துப்போய், அந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிட்டதாக மக்காய் விளக்கினார். எனக்கு இதில் அதிர்ச்சி இல்லை. எதற்கு உயிரைக் கொடுப்பது, எதை விட்டுவிடுவது என்ற தேர்வும் அவரவர் கையில் இருக்க வேண்டியதே.

ஃபுகாசி கடைசியாக மேடையேறியது 2002 நவம்பரில், லண்டனில். பதினைந்தாண்டு காலத்தில் ஏறத்தாழ ஆயிரம் நிகழ்ச்சிகள். அவற்றில் எண்ணூறுக்கு மேற்பட்டவற்றை அவர்களுடைய ஒலியமைப்பாளர்கள் பதிவு செய்து வைத்திருந்தார்கள். 2011 முதல் அவற்றை ஒவ்வொன்றாகப் பொதுவில் வைத்தார்கள். பரிந்துரைத்த விலை அதே ஐந்து டாலர். விரும்பினால் ஒரு டாலர் முதல் நூறு டாலர் வரை எதையும் கொடுக்கலாம் என்று விட்டிருந்தார்கள். மேடைப் பேச்சு, கூட்டத்தோடு நடந்த வாக்குவாதம் எல்லாம் அவற்றில் இருக்கின்றன. ஒலித்தரம் மோசமான பதிவுகளை மோசம் என்று அவர்களே குறித்திருக்கிறார்கள்.

நம் தொகுப்பைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிட்டு அமர்கிறேன். பெரிய பதிப்பகத்திடம் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. போவதென்றால், அச்சாகும் படிகளின் எண்ணிக்கை நூலிலேயே இருக்க வேண்டும். விலையை நம் வட்டம் முடிவு செய்ய வேண்டும். ஐந்தாண்டில் உரிமை கவிஞர்களிடம் திரும்ப வேண்டும். ஆண்டுதோறும் கணக்கு இந்த அரங்கில் வாசிக்கப்பட வேண்டும். இவற்றை ஏற்கும் பதிப்பாளர் கிடைத்தால் என் வாக்கு அவருக்கே. கிடைக்காவிட்டால் முந்நூறு படிகள் போதும். மடிக்கவும் ஒட்டவும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருகிறேன். மறுப்புடைய நண்பர்கள் விவாதத்தில் பேசுமாறு கேட்டுக்கொள்கிறேன்.